94ஆவது பையனும் 144ஆவது பையனும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

எங்கள் ஆசிரியர் ஓய்வறையில் நாங்கள் நாலு பேர் அமெரிக்கன் புட்போல் பார்ப்பது ஊரில் பலருக்குத் தெரியும். "கிரிக்கெட் போதாதா சேர்?" என்று கேட்டவர்களும் உண்டு. எங்களில் ஒருவரின் தங்கை குடும்பம் ஒஹையோவில் இருக்கிறது. அங்கிருந்து மருமகன் மாமாவுக்கு ஒரு செம்மஞ்சள் தொப்பி அனுப்பினான். எந்த அணி என்று தேடிப் பார்த்தோம். கிளீவ்லாண்ட் பிரவுன்ஸ். 2016இல் 16 போட்டிகளில் 1 வெற்றி. 2017இல் 16 போட்டிகளில் ஒன்றுமே இல்லை. 2024இல் 17 போட்டிகளில் 3. இப்படித் தோற்கிற ஓர் அணியை விட்டுவிட எங்களுக்கு மனம் வரவில்லை.

விளையாட்டைப் பற்றி இரண்டு வரி. றக்பி மாதிரி முட்டி மோதும் விளையாட்டு. ஆனால் ஒவ்வொரு ஆட்டத்தையும் தொடங்கி வைப்பவர் ஒருவர்தான். பந்து அவர் கைக்கு வரும், மூன்று நான்கு விநாடிக்குள் யாருக்கு எறிவது என்று முடிவெடுக்க வேண்டும். அவர்தான் குவாட்டர்பேக். அவருக்கு முன்னால் மலை மாதிரி ஐந்து பேர் நின்று எதிரணியைத் தடுப்பார்கள். அந்த ஐவரும் விலகினால் குவாட்டர்பேக் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் தரையில்தான்.

புதிய வீரர்களை எடுப்பதற்கு ஒவ்வொரு ஏப்ரலும் டிராப்ட் நடக்கும். மொத்தம் 32 அணிகள், 7 சுற்றுகள். கடந்த வருடம் மோசமாகத் தோற்ற அணிக்கு முதல் தெரிவு. முதல் சுற்றில் எல்லோருக்கும் தெரிந்த நட்சத்திரங்கள் போய்விடுவார்கள். மூன்று, நான்கு, ஐந்தாம் சுற்றுகளில் வருபவர்களைப் பற்றித்தான் சண்டை. "உயரம் போதாது", "கை பலம் இல்லை", "சின்னப் பல்கலைக்கழகத்தில் விளையாடியவன்" என்று ஒவ்வொருவர் மீதும் ஒரு குறை எழுதப்பட்டிருக்கும்.

2025 டிராப்டை நாங்கள் விடாமல் பார்த்தோம். முதல் சுற்று எங்களுக்கு வெள்ளிக்கிழமை அதிகாலை ஐந்தரை மணி, சுபஹ் தொழுதுவிட்டு உட்காரச் சரியான நேரம். பிரவுன்ஸிடம் இரண்டாவது தெரிவு இருந்தது. அதை ஜாக்சன்வில் அணிக்குக் கொடுத்து, பதிலுக்கு வேறு தெரிவுகளை வாங்கினார்கள். குவாட்டர்பேக்குக்காக மூன்றாம் சுற்று வரை பொறுத்திருந்தார்கள். அதற்குக் காரணம் இருந்தது. 2022இல் டெஷான் வாட்சன் என்ற ஒருவருக்காக ஹூஸ்டன் அணிக்கு மூன்று வருட முதல் சுற்றுத் தெரிவுகளைக் கொடுத்து, அவருக்கு 230 மில்லியன் டொலர் ஒப்பந்தமும் எழுதியிருந்தார்கள், முழுவதும் உத்தரவாதப் பணம். அவர் காயப்பட்டு இருந்துவிட்டார். பெரிய பணம் அங்கே போன பிறகு, நடுச் சுற்றுகளில் தேடுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

சனிக்கிழமை காலை 94ஆவது தெரிவாக டிலன் கேப்ரியலை எடுத்தார்கள். ஹவாய் பையன், இடது கைக்காரன், 5 அடி 11 அங்குலம், மூன்று பல்கலைக்கழகங்களில் விளையாடிய அனுபவம். அன்று நள்ளிரவை அண்டி 144ஆவது தெரிவாக ஷெடுர் சாண்டர்ஸையும் எடுத்தார்கள். அவருடைய வாப்பா டீயன் சாண்டர்ஸ், அந்த விளையாட்டின் மிகப் பெரிய பெயர்களில் ஒருவர், பல்கலைக்கழகத்தில் மகனுக்குப் பயிற்றுவிப்பாளரும் அவரே. மகன் முதல் சுற்றிலேயே போவார் என்று எதிர்பார்த்தவர்கள் பலர். ஐந்தாம் சுற்று வரை கீழே வந்தார்.

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அன்றிரவு யாரும் தூங்கவில்லை.

கணித சேர் சொன்னார், "கேப்ரியல்தான். இவ்வளவு போட்டி விளையாடின பையன் பதறமாட்டான்." விளையாட்டுப் பொறுப்பாசிரியர் விடவில்லை: "உயரம் பாருங்க நானா. முன்னால நிக்கிறவன்ட தலைக்கு மேலால அவனுக்கு என்ன தெரியும்? சாண்டர்ஸ எடுத்தது லாபம்." விஞ்ஞான சேர் எப்போதும்போலக் குறுக்கே போனார்: "ரெண்டு பேரும் வேணாம் மச்சான். அந்தத் தெரிவுக்கு முன்னால நிக்கிற தடிப் பையன் ரெண்டு பேர எடுத்திருக்கலாம்."

அவர் சொன்னதுதான் எங்களைப் பழைய பதிவுகளைத் தேட வைத்தது. 1999இல் பிரவுன்ஸ் திரும்பவும் தொடங்கியதிலிருந்து நடுச் சுற்றுகளில் எடுத்த குவாட்டர்பேக்குகளைப் பாருங்கள். 2004இல் லூக் மெக்கௌன், நான்காம் சுற்று. 2005இல் சார்லி ப்ரை, மூன்றாம் சுற்று. 2010இல் கோல்ட் மெக்கோய், மூன்றாம் சுற்று. 2016இல் கோடி கெஸ்லர், மூன்றாம் சுற்று. 2023இல் டோரியன் தொம்சன்-ரொபின்சன், ஐந்தாம் சுற்று. ஒருவர்கூட அங்கே நிலைக்கவில்லை. ப்ரையின் கதை இன்னும் மோசம். 2007இன் முதல் போட்டியைத் தொடங்கினார், பாதியில் வெளியே எடுத்தார்கள், இரண்டு நாளில் சியாட்டிலுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இதைப் பார்த்தால், நடுச் சுற்றுப் பையன்களில் பலனில்லை என்றுதான் யாரும் சொல்வார்கள். ஆனால் அதே சுற்றுகளிலிருந்து வந்தவர்கள் வேறு இடங்களில் என்ன ஆனார்கள்? ஜோ மொன்டானா 1979இல் மூன்றாம் சுற்று, 82ஆவது. ரஸல் வில்சன் 2012இல் மூன்றாம் சுற்று, 75ஆவது. டொம் பிரேடி 2000இல் ஆறாம் சுற்று, 199ஆவது. பிரேடி ஏழு சுப்பர் போல் வென்றவர். அந்த வருடம் பிரவுன்ஸும் ஆறாம் சுற்றில் ஒரு குவாட்டர்பேக்கை எடுத்தார்கள், பிரேடிக்கு 16 இடம் முன்னால். பெயர் ஸ்பர்கன் வின். இன்று அவரை யாருக்கும் ஞாபகமில்லை.

பிரேடியை விட்டுவிட்டார்களே என்று கிளீவ்லாண்ட் ரசிகர்கள் இன்றைக்கும் கவலைப்படுவார்கள். நாங்கள் வேறொன்றைக் கேட்டோம். பிரேடி அன்றைக்குக் கிளீவ்லாண்டுக்கு வந்திருந்தால் பிரேடி ஆகியிருப்பாரா? நியூ இங்கிலாந்தில் முதல் வருடம் முழுக்க அவர் ஏறக்குறைய உட்கார்ந்துதான் இருந்தார். முன்னால் ட்ரூ பிளெட்ஸோ என்ற அனுபவசாலி. பார்க்கவும் படிக்கவும் ஒரு வருடம் கிடைத்தது. 2001 செப்டம்பரில் பிளெட்ஸோ காயப்பட்டபோது பிரேடி தயாராக இருந்தார்.

2016தான் எங்களுக்கு நல்ல பாடம். பிரவுன்ஸ் 93ஆவதாகக் கெஸ்லரை எடுத்தார்கள். டலஸ் கவ்போய்ஸ் 135ஆவதாக டக் பிரெஸ்கொட்டை எடுத்தார்கள். டலஸுக்கும் அவர் முதல் விருப்பம் அல்ல. அவர்கள் கண் வைத்த வேறு இருவரை மற்ற அணிகள் முந்திக்கொண்டன. பிறகு டொனி ரோமோவின் முதுகில் அடிபட, பிரெஸ்கொட்டுக்கு இடம் கிடைத்தது. அந்த வருடம் டலஸ் 13 வெற்றி, 3 தோல்வி. கெஸ்லர் தொடங்கிய 8 போட்டிகளும் தோல்வி.

திறமை வித்தியாசம் இருந்திருக்கலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் பிரெஸ்கொட்டுக்கு முன்னால் நின்றவர்களைப் பாருங்கள். டைரன் சிமித், ட்ராவிஸ் பிரெட்ரிக், சாக் மார்டின். மூன்று பேருமே முதல் சுற்றில் எடுத்து, பல வருடம் சேர்த்து வளர்த்த தடுப்பாளர்கள். பின்னால் ஓடுவதற்கு இசக்கியல் எலியட். கிளீவ்லாண்டிலோ அந்த வருடம் முதல் மூன்று போட்டிகளுக்கு மூன்று வெவ்வேறு குவாட்டர்பேக்குகள். கெஸ்லர் அதில் மூன்றாமவர்.

பிரவுன்ஸிடம் நல்லவர்களே இருக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. ஜோ தோமஸ் என்ற தடுப்பாளர் 2007இல் வந்தார். 10,363 ஆட்டங்கள் ஒன்றுகூட விடாமல் தொடர்ந்து நின்றார். அவர் நின்ற காலத்தில் அவருக்குப் பின்னால் 20 குவாட்டர்பேக்குகள் வந்து போனார்கள். பயிற்றுவிப்பாளர்களும் அப்படித்தான் மாறினார்கள். மெக்கோயை எடுத்த பயிற்றுவிப்பாளர் அந்த வருடமே போனார், அடுத்தவர் வேறு முறை கொண்டுவந்தார். 2011 டிசம்பரில் பிட்ஸ்பர்க்குடன் தலையில் பலத்த அடி வாங்கிய மெக்கோயை, மூளையதிர்ச்சி இருக்கிறதா என்று சரியாகப் பார்க்காமலே இரண்டு ஆட்டத்தில் திரும்பவும் உள்ளே அனுப்பினார்கள். அதற்குப் பிறகுதான் மேலேயிருந்து காயங்களைக் கவனிக்கத் தனியாக ஆட்களை வைக்கும் ஏற்பாட்டை லீக் கொண்டுவந்தது. அதே மெக்கோய் வேறு அணிகளில் 2022 வரை விளையாடினார். பையனிடம் ஒன்றும் இல்லாமல் இல்லை.

2025இல் என்ன நடந்தது? ஒக்டோபர் 5, லண்டனில் மினசோட்டாவுடன் போட்டி. எங்களுக்கு இரவு ஏழு மணி, அடுத்த நாள் போயா விடுமுறை. நாங்கள் நாலு பேரும் ஒன்றாக இருந்து பார்த்தோம். கேப்ரியல் தொடங்கிய முதல் போட்டி. எதிரணி கைக்கு ஒரு பந்தையும் கொடுக்காமல் நன்றாகத்தான் விளையாடினார், ஆனாலும் கடைசி நிமிடத்தில் 21-17 என்று தோல்வி. கணித சேர் சந்தோசமாகவே தோற்றார்.

நவம்பரில் கேப்ரியலுக்குத் தலையில் அடிபட்டு, பாதிப் போட்டியில் சாண்டர்ஸ் உள்ளே வந்தார். முதல் அணியோடு சேர்ந்து பயிற்சி எடுக்க வாய்ப்பே கிடைக்காதிருந்த பையன். 16 தடவை எறிந்தார், 4தான் சேர்ந்தது. "ஐந்தாம் சுற்று என்றால் இதுதான்" என்று எங்கள் குழுவிலேயே எழுதினார்கள். அடுத்த வாரம் அவருக்கு முதல் அணியோடு முழு வாரப் பயிற்சி கொடுத்தார்கள். லாஸ் வேகஸில் 24-10 என்று வெற்றி. தடுப்பணியும் அன்று எதிரணிக் குவாட்டர்பேக்கை 10 தடவை வீழ்த்தித் துணை நின்றது. பிரவுன்ஸின் புதுமுகக் குவாட்டர்பேக் ஒருவர் தான் தொடங்கிய முதல் போட்டியை வென்றது 1995க்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

சாண்டர்ஸ் பெரிய ஆளாவார் என்று சொல்ல இது போதாது. ஒரு வாரத்தில் யாருடைய திறமையும் மாறுவதில்லை. பயிற்சி மாறியது, பக்கத்தில் நின்றவர்கள் துணை நின்றார்கள். அவ்வளவுதான்.

இதை ஏன் ஊருக்கு எழுதுகிறோம் என்றால், எங்கள் பாடசாலைக்குத் தரம் 6க்கு வரும் பிள்ளைகள் நடுச் சுற்றுப் பிள்ளைகள். புலமைப்பரிசில் பெறுபேறு வந்ததும் வெட்டுப்புள்ளிக்கு மேலே எடுத்தவர்களில் பலர் நகரத்துப் பெரிய பாடசாலைகளுக்குப் போய்விடுவார்கள். மிச்சமிருக்கும் பிள்ளைகள் எங்களிடம் வருவார்கள். உம்மாமார் வாசலில் நின்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள், "மார்க்ஸ் கொஞ்சம் குறைவுதான் சேர்." பத்து வயதுப் பிள்ளை பக்கத்தில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்.

அந்தப் பிள்ளைகளில் யார் தேறுவார் என்று நாங்கள் பெருநாள் கூட்டத்திலும் பேசுகிறோம், கல்யாண வீட்டிலும் பேசுகிறோம். ஒரே வருடத்தில் கணிதத்துக்கு மூன்று ஆசிரியர்கள் மாறிய வகுப்பை நாங்கள் பார்த்திருக்கிறோம். ஒருவர் பாதியில் விட்ட பாடத்தை அடுத்தவர் முதலிலிருந்து தொடங்கினார், மூன்றாமவர் வருவதற்குள் தவணைப் பரீட்சை வந்துவிட்டது. புள்ளி குறைந்ததும் பிள்ளையின் தலையைத்தான் எல்லோரும் குறை சொன்னார்கள். கெஸ்லரைச் சொன்னது மாதிரி.

ஆகவே பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குக் கட்டாயம் வாருங்கள். மேடைக்குக் கூரை, பேண்ட் வாத்தியத்துக்குச் சீருடை எல்லாம் பேசலாம். அதற்கு முன்னால் ஒரு கேள்வியை எழுப்புங்கள்: தரம் 6இன் கணிதத்தையும் ஆங்கிலத்தையும் யார் எடுக்கிறார், வருடம் முடியும் வரை அவர் அந்த வகுப்பில் இருப்பாரா? இடமாற்றம் வந்தால் பதிலுக்கு ஆள் வரும் வரை யார் பொறுப்பு? எங்களைப் பார்த்தே கேளுங்கள். நாங்கள் மனம் நோகமாட்டோம். பதில் சொல்ல வேண்டியது எங்கள் கடமை.

மற்றபடி, அடுத்த ஏப்ரலிலும் நாங்கள் சண்டை பிடிப்போம். விஞ்ஞான சேர் இப்போதே எழுதிவிட்டார், முன்னால் நிற்கிற தடிப் பையன்கள் இரண்டு பேரை எடுக்க வேண்டுமாம். இந்தத் தடவை கணித சேரும் ஓம் சொல்லியிருக்கிறார்.