டிக்கோயாவில் இரண்டு இரவுகள்

பயணம் என்ற சொல்லை எங்கள் ஊர்ப் பெண்கள் அதிகம் பாவிப்பதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போவோம், கச்சேரிக்குப் போவோம், விசாரணை என்று கூப்பிட்டால் அதற்கும் போவோம். அதற்கு முன்னர் பல வருடங்கள் உழவு இயந்திரப் பெட்டியிலும் சைக்கிளிலும் கால்நடையாகவும் இடம் மாறிக்கொண்டே இருந்தோம். ஓர் ஊரைப் பார்ப்பதற்கென்றே போய், காசு கொடுத்துத் தங்கி, வேறொருவர் சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு வருவது எனக்கு ஐம்பது வயதின் பின்னர்தான் வாய்த்தது. 2024 பெப்ரவரியில் நானும் எனது கணவரும் டிக்கோயாவில் இரண்டு இரவுகள் தங்கினோம். திருமணமாகி இருபத்தைந்து வருடமாகிறது என்று கொழும்பில் வேலை செய்யும் மகள் ஒழுங்கு செய்து தந்த பயணம் அது.

நுவரெலியாவுக்குப் போயிருக்கலாமே என்று பலரும் கேட்டார்கள். மாமிக்காகத்தான் டிக்கோயா. என் கணவரின் தாயார் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்தவர். கொழுந்து பறித்தவர். 1977 கலவரத்தின் பின் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வன்னிக்கு வந்தார். 1977இலும் 1983இலும் அப்படி மலையகத்தை விட்டு வந்த பெருந்தொகையான குடும்பங்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் குடியேறின. இதை வாசிக்கும் சகோதரிகள் சிலரின் தாய் தகப்பனும் அவ்வாறு வந்தவர்களாக இருக்கலாம். நூறு வருடத்துக்கு மேலாக உழைத்த மக்களை 1948ஆம் ஆண்டுச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. அந்தக் கதை எங்கள் பாடப்புத்தகத்தில் இரண்டு வரிதான் இருந்தது. மாமியிடம்தான் நான் மிச்சத்தைக் கேட்டேன். வன்னி வெயிலில் வேலியோரம் நின்று, "எங்க ஊருல இந்நேரம் பனி எறங்கியிருக்கும்" என்பார். 2009இல் செட்டிகுளம் முகாமில் காலமாகும் வரை அவர் மறுபடி டிக்கோயாவைக் காணவில்லை. கணவர் ஊரை விட்டு வந்தபோது அவருக்கு ஏழு வயது.

கிளிநொச்சியிலிருந்து கொழும்புக்குப் போய், கோட்டையிலிருந்து ஹற்றனுக்குப் புகையிரதத்தில் போனோம். ஹற்றனுக்கு இந்தப் பாதை வந்தது 1884இல். தேயிலைக்காகப் போட்டதுதான், மனிதர்கள் ஏறியது இரண்டாம் பட்சம். நாவலப்பிட்டியைத் தாண்டியதும் வண்டி மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுகிறது. ஹற்றன் நிலையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,100 அடி உயரம். இறங்கியவுடன் காது குளிர்ந்தது. அங்கிருந்து நோர்வூட், மஸ்கெலியா பக்கம் போகும் பஸ்ஸில் சிறிது நேரத்தில் டிக்கோயா.

நாங்கள் தங்கியது ஒரு பழைய துரை பங்களாவில். இப்போது அது விடுதி. டிக்கோயா, நோர்வூட் பகுதியில் இவ்வாறு பல பங்களாக்கள் விடுதிகளாகியுள்ளன. அவற்றில் பெயர் பெற்றவை டில்மா தேயிலையை உருவாக்கிய மெரில் பெர்னாண்டோவின் குடும்பத்தினர் 2005இல் தொடங்கிய 'சிலோன் ரீ ட்ரெயில்ஸ்' பங்களாக்கள். காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றிய மலைகளில் அவை இருக்கின்றன. ரியன்சின் என்ற பங்களா 1888இல் கட்டியது. அங்கே ஓர் இரவுக்கு நூற்றுக்கணக்கான டொலர்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அது வழியில் நின்று பார்க்கும் வீடு. நாங்கள் தங்கிய இடத்தில், சாப்பாட்டுடன் இருவருக்கும் ஓர் இரவுக்கு 18,000 ரூபா. அந்த நேரம் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபா. (2021இல் வந்த தொகை அது; 2024 செப்ரெம்பரில் 1,350 ஆக்கினார்கள்.) சிட்டையைப் பார்த்துவிட்டுக் கணவர், "இஞ்சாருமப்பா, அம்மா பதினெட்டு நாள் கொழுந்து பறிக்க வேணும்" என்றார். அதன் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் பேசவில்லை. மகள் கொடுத்த காசு, திரும்பி வராது. சந்தோஷமாக இருப்போம் என்று முடிவெடுத்தேன்.

பங்களாவுக்கு முன்வாசல் ஒன்று, பின்வாசல் ஒன்று. முன்வாசலில் ரோஜாப் பாத்தி, கல்படி. மாமி சொல்லியிருக்கிறார், தோட்டத்து ஆட்கள் யாரும் அந்தப் படியில் கால் வைப்பதில்லை, தேவையென்றால் பின்பக்கம் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்று. எங்கள் பையை ஓர் இளைஞன் ஓடி வந்து வாங்கினான். கணவர் படியில் செருப்பைக் கழற்றப் போனார். "போட்டுக்கிட்டே வாங்க சேர்" என்றான் அவன்.

இரவுச் சாப்பாட்டைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நீளமான மேசை, வெள்ளைத் துணி, ஆளுக்கு மூன்று கரண்டி, இரண்டு முள்ளு. முதலில் சூப், பிறகு பொரித்த மீன், பிறகு கோழியும் அவித்த மரக்கறியும், கடைசியில் புடிங். ஒன்றன் பின் ஒன்றாகத்தான் வரும். சாப்பாட்டுக்கு வரிசையில் நின்ற நாட்களில் கோப்பையில் விழுவதை அந்த இடத்திலேயே அவசரமாகச் சாப்பிட்டுப் பழகிய எனக்கு, ஒரு தட்டு முடிந்து அடுத்த தட்டு வரும் வரை சும்மா இருக்கத் தெரியவில்லை. இரண்டு தடவை எழும்பிக் கோப்பைகளை அடுக்கப் போனேன். கணவர் கையைப் பிடித்து இருத்தினார். மீன் சப்பென்று இருந்தது, உப்பும் உறைப்பும் காணாது. புடிங் நல்ல ருசி. மற்ற மேசையில் இருந்த வெள்ளைக்காரத் தம்பதியினர் ஒரு மணித்தியாலமாகப் பேசிச் சிரித்துச் சாப்பிட்டனர். எங்களுக்கும் அன்று பேச நேரம் இருந்தது. பிள்ளைகளின் படிப்பு, வீட்டுத்திட்டக் கடன் இரண்டையும் விட்டு வேறு ஏதாவது பேசி எத்தனையோ வருடம். கணவர் தான் சிறுவயதில் அட்டைக்குப் பயந்து அழுத கதையைச் சொன்னார். எனக்கு அது புதுக்கதை.

சாப்பாடு பரிமாறிய பையனின் தாய் அதே மலையில் கொழுந்து பறிப்பவர். "ராத்திரிக்கு எங்க வீட்ல ரொட்டியும் கட்டசம்பலும்தான்" என்றான் பேச்சுவாக்கில். கணவர், "தம்பி, நாளைக்குக் காலமை எங்களுக்கு அதைத் தர ஏலுமோ?" என்று கேட்டார். தந்தார்கள். பங்களாச் சமையல்காரர் தடித்த ரொட்டி சுட்டு, செத்தல் மிளகாய் இடித்த சம்பலை வெள்ளிக் கிண்ணத்தில் வைத்து அனுப்பியிருந்தார். இரண்டு நாளிலும் நாங்கள் வயிறாரச் சாப்பிட்டது அந்தக் காலைச் சாப்பாட்டைத்தான்.

அதற்கு முன், விடியற்காலை ஆறு மணிக்குக் கதவைத் தட்டி ஒரு தட்டத்தில் தேநீர் கொண்டு வந்து வைத்தார்கள். துரைமார் காலத்துப் பழக்கமாம். கட்டிலில் இருந்தபடியே குடிக்க வேண்டும். வீட்டில் முதலில் எழும்பி அடுப்பு மூட்டுவது நான்தான். எனக்கு முன்னர் என் தாய். யன்னல் சீலையை விலக்கினால், அந்தக் குளிரில் பெண்கள் தலையில் சாக்கும் முதுகில் கூடையுமாக மலைக்கு ஏறிக்கொண்டிருந்தார்கள். பல தோட்டங்களில் முழுநாள் பெயர் விழ 18 கிலோ வரை பறிக்க வேண்டும். ஒரு கிலோ தேயிலைக்கு நாலு கிலோவுக்கு மேல் பச்சைக் கொழுந்து போகிறது. தேநீர் ஆறும் வரை அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு குடித்தேன். நல்ல தேநீர்.

அன்று காசல்ரீ நீர்த்தேக்கக் கரையால் நடந்தோம். கரைக்கு மேலே 1878இல் கட்டிய வோர்லி தேவாலயம் கல்லாலானது. சுற்றிவரத் தோட்டத் துரைமாரின் கல்லறைகள், ஒவ்வொன்றிலும் பெயரும் திகதியும். காடழித்துக் கோப்பியும் தேயிலையும் நட்டுக் காய்ச்சலில் செத்த கூலிகளுக்கு அப்படிக் கல் எதையும் நாங்கள் காணவில்லை. காசல்ரீ அணை 1965இல் மின்சாரத்துக்காகக் கட்டப்பட்டது. பக்கத்து மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா நகரமே தண்ணீருக்குள் போனது. வரட்சிக் காலத்தில் பழைய கோயில்களின் இடிபாடுகள் வெளியே தெரியுமாம். இடம்பெயர்ந்தவர்கள் எங்களிடம் மட்டும் இல்லை.

இரண்டாம் நாள் மாமியின் லயத்தைத் தேடிப் போனோம். டிவிஷன் பெயர் மட்டுமே தெரியும். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைகள் வரிசையாக இன்னும் இருக்கின்றன. சிலர் முன்பக்கம் தகரம் இறக்கியிருக்கிறார்கள். மாமியின் பெயரைச் சொன்னோம். ஒருவருக்கும் நினைவில்லை. ஒரு வயதான அம்மா மாத்திரம், "எழுபத்தேழுல போனவங்களா? நெறயப் பேரு போனாங்களே" என்று சொல்லிக் கணவரின் முகத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு உள்ளே கூப்பிட்டுச் சாயத்தண்ணி தந்தார், உள்ளங்கையில் சீனியும். எங்கள் பக்கத்து வெறுந்தேத்தண்ணிதான். உண்மையைச் சொன்னால் பங்களாத் தேநீரின் மணம் அதில் இல்லை. நல்ல இலை எல்லாம் மலையை விட்டுப் போகிறது, தோட்டத்து வீடுகளில் தூள்தான். கணவர் இரண்டாவது கோப்பையும் கேட்டு வாங்கிக் குடித்தார். அந்த அம்மாவுக்கு அது பெரிய சந்தோஷம்.

கணவருடன் போன கதையை எழுதும்போது, துணை இல்லாத, துணையைத் தேடிக்கொண்டிருக்கும் சகோதரிகள் மனதில் வருகிறார்கள். இதற்குத் தம்பதியாகத்தான் போக வேண்டும் என்றில்லை. எங்கள் மாதர் சங்கத்தில் பன்னிரண்டு பேர் மாதச் சீட்டில் காசு சேர்த்து, வான் பிடித்துப் போகத் திட்டமிட்டிருக்கிறோம். பங்களா வேண்டாம், ஹற்றன் நகரில் குறைந்த விலைக்கு அறைகள் உண்டு. டிசெம்பர் முதல் மே வரை சிவனொளிபாத மலைக்குப் போகும் கூட்டம் இருப்பதால் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். 2025 நவம்பர் சூறாவளியில் மலைநாட்டில் மண்சரிவுகள் ஏற்பட்டு, புகையிரதப் பாதையும் பல இடங்களில் சேதமானது. ஆகவே எந்த வண்டி ஓடுகிறது என்று விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள். கம்பளிச் சட்டையும் காலுறையும் கட்டாயம். மழை நாளென்றால் அட்டைக்குச் சவர்க்காரத்தைக் காலில் பூசிக்கொள்ளுங்கள். இது அந்த லயத்து அம்மா சொன்னது.