வெயிலைக் கண்டா கண்ணை மூடுற பையன்

1/ கோவில்பட்டியில வெயில் ஆரம்பிச்சாச்சு. நான் பண்ணின ஒரு தப்பை வச்சு, வெயில் பட்டா தோல் செல் ஏன் சாகுதுன்னு சொல்றேன். கொஞ்சம் நீளம், பொறுமையா வாசிங்க.

2/ வேலைக்குச் சேர்ந்த புதுசு. கரிசல்காட்டுக் கிராமத்துல இருந்து ஒரு ஆச்சி அஞ்சு வயசுப் பேரனைக் கூட்டிட்டு வந்தாங்க. முகம் பூரா எள்ளைத் தெளிச்ச மாதிரி கரும்புள்ளி. "வெயில்ல இறங்குனா கண்ணைத் தொறக்க மாட்டேங்கான் ஐயா. உளுந்து பிடுங்கப் போனா வரப்புல உக்காந்து அழுதான்." அலர்ஜின்னு நினைச்சு களிம்பு எழுதிக் கொடுத்து அனுப்பிட்டேன்.

3/ ரெண்டு வருசம் கழிச்சு வந்தப்போ கீழ் உதட்டுல ஆறாத புண். சதைப் பரிசோதனையில் புற்றுநோய். ஏழு வயசுல! நோயின் பெயர் சீரோடெர்மா பிக்மென்டோசம்.

4/ வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டா, டி.என்.ஏ.வில் பக்கத்துப் பக்கத்து எழுத்துகள் ஒட்டிக்கும். மருந்துல முக்கும்போது ரெண்டு தீக்குச்சி ஒட்டிக்கிற மாதிரி. நம்ம எல்லாருக்கும் தினமும் இது நடக்குது.

5/ செல் ரெண்டாப் பிரியணும்னா முதல்ல டி.என்.ஏ.வை நகல் எடுக்கணும். அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் செக்போஸ்ட் உண்டு. சேதம் இருந்தா பி53ங்கிற புரதம் செல்லை நிறுத்தி வைக்கும். அந்த இடைவெளியில் ரிப்பேர் புரதங்கள் ஒட்டின துண்டை வெட்டி எடுத்து, புதுசு வச்சுத் தைக்கும்.

6/ நிக்காம நகல் எடுக்கப் போனா இழை முறிஞ்சு செல் செத்துடும். சேதம் ரொம்ப அதிகம்னா பி53யே செல்லைச் சாக வைக்கும். அது நமக்கு நல்லதுதான். சரியாகாம, சாகவும் செய்யாம, பிழையோட பெருகுற செல்தான் புற்றுநோய் ஆகுது.

7/ இந்தப் பையனுக்கு செக்போஸ்ட் இருக்கு, ரிப்பேர் ஆள்தான் இல்லை. இந்த நோயில் குறை அதுதான்னு 1968இல் ஜேம்ஸ் கிளீவர் காட்டினார். அந்த ரிப்பேர் எப்படி நடக்குதுன்னு விளக்கிய அசீஸ் சன்சாருக்கு 2015இல் நோபல் பரிசு.

8/ பையனோட அப்பா, அக்கா மகளைக் கட்டினவர். ரெண்டு பேர்கிட்டயும் ஒரே பழுதான மரபணு ஒளிஞ்சிருந்தா, ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. சொந்தத்துல கட்டினா அப்படி அமையுற வாய்ப்பு கூடும். யாரையும் குத்தம் சொல்லலை, தெரிஞ்சுக்கணும்னு சொல்றேன்.

9/ புண்ணை அறுவை சிகிச்சையில் எடுத்தாச்சு. நோய்க்கு முழுத் தீர்வு இல்லை. முழுக்கை சட்டை, தொப்பி, கண்ணாடி, சன்ஸ்கிரீன். பொழுது அடைஞ்ச பிறகுதான் விளையாட்டு. ஊர்ப் பிள்ளைகளும் இவனுக்காக ராத்திரி தெருவிளக்குல கிரிக்கெட் ஆடுறாங்க.

10/ சின்ன வயசுலயே வெயில் படுற இடத்துல மட்டும் கரும்புள்ளி, வெளிச்சத்துல கண் கூச்சம், லேசான வெயில்லயே தோல் வெந்துபோறது, இதெல்லாம் இருந்தா தோல் டாக்டரைப் பாருங்க. என்னை மாதிரி களிம்போட யாராவது அனுப்பினா, விடாம இன்னொரு தடவை கேளுங்க.