நம்லாக் விளக்கு எரிகிறதா?

சென்னை ரிச்சி தெருவின் தரைத்தளக் கடைகள் புதுச் சரக்கு விற்பவை. பழையதைப் பிரித்துப் பார்ப்பவர்களைத் தேடினால் மாடி ஏற வேண்டும். நரசிங்கபுரம் தெருப் பக்கம், ஒருவர் இறங்கினால்தான் இன்னொருவர் ஏற முடிகிற படிக்கட்டு. மேலே ஒற்றை அறை, இரண்டு மேசை, சுவரோரம் மூடி கழற்றிய கேபினெட்டுகள்.

"ஹேங்க் ஆகுது, ரொம்ப ஸ்லோ" என்கிறார், கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடைக்காரர். அறைக்குள் வருகிற எல்லாரும் இந்த இரண்டையும் ஒரே மூச்சில்தான் சொல்கிறார்கள். மெக்கானிக் அதைப் பிரித்துக் கேட்கிறார்: "நிக்கும்போது நம்லாக் அமுக்கிப் பாத்தீங்களா? லைட் அணைஞ்சு எரியுதா?"

கேள்வியில் விஷயம் இருக்கிறது. திரை உறைந்த பிறகும் அந்தச் சின்ன விளக்கு விரலுக்குப் பதில் சொன்னால் சிஸ்டம் உயிரோடுதான் இருக்கிறது. ஹார்ட் டிஸ்க்குக்கோ வேறெதற்கோ காத்திருக்கிறது. விளக்கும் அசையாவிட்டால் சந்தேகம் மின்சாரம், சூடு, ரேம் பக்கம் திரும்பும். கடைக்காரரின் பதில் சிக்கலாக இருந்தது. சில நேரம் எரியுமாம், சில நேரம் எரியாதாம். "ரெண்டு வியாதி" என்றபடி திருப்புளியை எடுத்தார் மெக்கானிக்.

கோர் டூ டுவோ, 2 ஜிபி ரேம், விண்டோஸ் எக்ஸ்பி. புதிது வாங்கலாமே என்று கேட்டோம். கடைக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்த்தார். அவருடைய பிழைப்பு பேஜ்மேக்கரில் ஓடுகிறது. 2001-ல் வந்த 7.0-தான் அதன் கடைசிப் பெரிய பதிப்பு. யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களில் சேர்த்து வைத்த பத்திரிகை மாதிரிகள் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. வேறு மென்பொருளில் திறந்தால் மணமகன் பெயர் ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்து நிற்கும்.

பக்கவாட்டு மூடியைக் கழற்றியதும் தூசி. வராந்தாவுக்குக் கொண்டுபோய் ப்ளோயர் அடிக்கிறார்கள். பிராசஸர் மேலிருக்கும் கூலரின் நான்கு கால்களில் ஒன்று பிடி விட்டிருந்தது. அடியிலிருந்த பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பாக உதிர்ந்தது. சூடு ஏறினால் பிராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், இன்னும் ஏறினால் அணைந்துவிடும். ரேமை உருவி, அதன் தங்கநிறப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து மாட்டுகிறார்கள். மல்டிமீட்டரில் 12 வோல்ட் லைன் 11.4-க்குக் கீழே போகக் கூடாது, போகவில்லை.

பிடிபட்டது பிராசஸருக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்கும் கெப்பாசிட்டர்களில். தட்டையாக இருக்க வேண்டிய தலை மூன்றில் உப்பியிருந்தது. 2000-களின் முதல் பாதியில் உள்திரவம் சரியில்லாத கெப்பாசிட்டர்கள் உலகம் முழுக்கப் பல கம்பெனி போர்டுகளில் புகுந்து, ஓரிரு ஆண்டுகளில் வெடித்துக் கசிந்தன. நல்ல சரக்கும் பல வருஷச் சூட்டில் இந்தக் கதிக்கு வரும். மாற்றுவது எளிதென்று நினைத்தால் தப்பு. போர்டின் உள்ளடுக்குச் செம்பு, சால்டரிங் அயர்ன் தரும் சூட்டையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். ஈயம் முழுதாக உருகும் முன் காலை இழுத்தால் துளைக்குள்ளிருக்கும் செம்புப் பூச்சு பெயர்ந்து வந்துவிடும். போர்டு அதோடு சரி. மைனஸ் பக்கக் குறி கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் கழற்றும் முன் போனில் படம் எடுத்துக்கொள்கிறார். புதிதாக வைப்பது '105 டிகிரி' என்று அச்சிட்டவை மட்டும்.

உறைவது நின்றது. மந்தம் போகவில்லை.

நமக்குப் பிடித்த கட்டம் இதுதான். டிவைஸ் மேனேஜரைத் திறந்து ஹார்ட் டிஸ்க் சேனலைக் காட்டினார்: 'பி.ஐ.ஓ.' என்றிருந்தது. டிஸ்க்கிலிருந்து தரவு வரும் வழியில் பிழைகள் ஆறைத் தாண்டினால் எக்ஸ்பி வேகமான டி.எம்.ஏ. முறையைக் கைவிட்டு, ஒவ்வொரு துணுக்கையும் பிராசஸரே சுமக்கும் பழைய முறைக்கு இறங்கிவிடும். தானாக மேலே ஏறாது. காரணம் பெரும்பாலும் தளர்ந்த கேபிள். ஃபார்மட் அடித்து விண்டோஸைப் புதிதாகப் போட்டால் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கி சிஸ்டம் பறக்கும். கேபிள் அதேதான் என்பதால் கொஞ்ச நாளில் மறுபடி படுக்கும். எதற்கெடுத்தாலும் ஃபார்மட் என்ற பழக்கம் இந்த ஊரில் எப்படி வேரூன்றியது என்பதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் நம்மிடம் இல்லை.

கேபிளை மாற்றி, சேனலை நீக்கி, மறுபடி பூட் செய்தார். டிஸ்க்கின் உடல்நிலையையும் பார்த்தார். 05, சி5 என்ற இரண்டு வரிகளும் பூஜ்யம். சி5-ல் எண் ஏறியிருந்தால் படிக்க முடியாத இடங்கள் இருக்கின்றன என்று அர்த்தம். அப்போது வேறு வேலையே கிடையாது, முதலில் டேட்டாவை வெளியே எடுப்பார். எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலோடு பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டதால் இன்டர்நெட் ஒயரைச் செருகக் கூடாது என்றும் சொல்லி அனுப்பினார்.

பில்லில் மூன்று வரி: கெப்பாசிட்டர், கேபிள், சர்வீஸ். கழற்றிய பழைய பொருள்களைக் கவரில் போட்டு மேசைமேல் வைத்தார்; இந்த மாடிகளில் அதுதான் ரசீதைவிட நம்பப்படுகிற சாட்சி. கடைக்காரர் முதல் இரண்டு வரிகளில் வாய் திறக்கவில்லை. மூன்றாவதில் விரலை வைத்தார்.

"ஃபார்மட்கூடப் போடலை, அப்புறம் எதுக்குங்க சர்வீஸ் சார்ஜ்?"