நிறுத்தித் துடைக்கும் நேரம்

ராஜபாளையத்தில் ஷிப்ட் விட்டு வருகிறவரைத் தெருமுனையிலேயே அடையாளம் கண்டுகொள்ளலாம். புருவத்தில் பஞ்சு ஒட்டியிருக்கும். 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கியதிலிருந்து பல குடும்பங்களுக்கு இங்கே நூல்தான் சோறு போடுகிறது. ஆள் வீட்டுக்கு வந்து குளித்தால் பஞ்சு போய்விடும். மூன்று ஷிப்டும் ஓடுகிற மோட்டாரின் மேல் படிந்தது அப்படியே கிடக்கும். மில்லின் எலக்ட்ரிக்கல் பிரிவில் நான் கற்ற தொழிலில் பாதி, அந்தப் பஞ்சை எடுப்பதுதான்.

மோட்டாரின் பின்பக்கம் ஒரு விசிறி, அதன் மேல் துளை போட்ட மூடி. துளை வழியாக உள்ளே வரும் காற்று மோட்டாரின் உடம்பு மேல் ஓடிச் சூட்டைக் கொண்டுபோகும். துளையைப் பஞ்சு அடைத்தால் சூடு தங்கிவிடும். காயிலின் இன்சுலேஷன் தாங்கும் அளவுக்கு மேல் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது மோட்டார்க்காரர்களின் பழைய கணக்கு. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்து விசைத்தறிக் கூடங்களில் தறி எண்ணெயும் பஞ்சும் சேர்ந்து, சின்ன மோட்டார்களின் மேல் கம்பளி போர்த்தியது போல இறுகியிருக்கும். காயில் கருகினால் ரீவைண்டிங் கடைக்குத் தூக்க வேண்டும். மோட்டார் திரும்பும்வரை தறியும் இல்லை, கூலியும் இல்லை.

காற்றுக் குழாயை நீட்டி ஊதிவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். ஊதிய பஞ்சு திறந்த வகை மோட்டாரில் காயிலுக்குள் போய் அடையும். இல்லையென்றால் பக்கத்து இயந்திரத்தின் நூலில் போய் ஒட்டும். உறிஞ்சும் இயந்திரம், மென்மையான பிரஷ், உலர்ந்த துணி இவை போதும். ஊதித்தான் ஆக வேண்டுமென்றால் ஈரமில்லாத காற்றைக் குறைந்த அழுத்தத்தில், கண்ணாடி போட்டுக்கொண்டு ஊத வேண்டும். அதே குழாயால் சட்டையில் ஒட்டிய பஞ்சை ஊதிக்கொள்வது அறவே கூடாது. அழுத்தக் காற்று உடம்புக்குள் புகுந்தால் உயிருக்கே ஆபத்து.

துடைப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் மூத்த எலக்ட்ரீஷியன் ஒருவர். “தம்பி, சுவிட்சை ஆஃப் பண்ணினா மட்டும் போதாது. ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கி உன் சட்டைப் பையில போடு. டெஸ்ட் லேம்ப் வச்சுப் பாரு. அப்புறம் கை வை” என்பார். தெரியாமல் யாராவது ஸ்டார்ட்டரை அமுக்கினாலும் மோட்டார் சுற்றாது. இன்று பெரிய மில்களில் மெயின் சுவிட்சைப் பூட்டி, பெயர் எழுதிய அட்டையைத் தொங்கவிடுகிறார்கள். சாவி, வேலை செய்கிறவரின் பையில்தான் இருக்க வேண்டும்.

ஓடும் இயந்திரத்தின் அருகே போகிறவர் பயிற்சி பெற்றவராக, உடம்போடு ஒட்டிய உடை அணிந்தவராக இருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. ஆனால் லுங்கியும் தோள் துண்டுமாக, ஓடுகிற தறிக்கடியில் குனிந்து பஞ்சு வழிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு ஆபத்து தெரியாமல் இல்லை. மீட்டர் கணக்கில் கூலி வாங்குகிறவர் தறியை நிறுத்தினால் அவர் காசுதான் போகும்.

மலையடிவார ஊர்களில் ஈரமும் ஒரு தொல்லை. சாரல் காலத்தில் நின்றுகிடந்த மோட்டாரை, இன்சுலேஷனை அளக்கும் மெக்கர் வைத்துப் பார்க்காமல் ஓட்டக் கூடாது. 1 மெகா ஓம்கூடக் காட்டாவிட்டால் உலர்த்தியாக வேண்டும். பேரிங்குக்குக் கிரீஸ் மிஞ்சினாலும் சூடுதான். ஆயுத பூஜைக்கு அழுக்கின் மேலேயே பெயின்ட் அடிக்கிறார்கள். மோட்டாரின் பெயர்ப்பலகையும் அதில் மறைந்துவிடுகிறது. எத்தனை ஆம்பியர் என்று பார்த்து ஓவர்லோடு ரிலேயைச் சரியாக வைக்க வழியில்லை.

தறிக்கூடம் நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். வாரத்தில் அரை மணி நேரம் தறியை நிறுத்தி, மின்சாரத்தைத் துண்டித்து, மோட்டாரைத் துடைக்க விடுங்கள். அந்த அரை மணிக்கும் கூலி கொடுங்கள்.