மாசி

மகளுக்கு வீடு கட்ட வேண்டியிருந்தது. 2016இல் சம்பளமற்ற லீவு பெற்று மாலைதீவுக்குக் கற்பிக்கப் போனேன். போய்ச்சேர்ந்த தீவை அரை மணி நேரத்தில் சுற்றி நடந்துவிடலாம்.

அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் நான் ஓட்டக்காரன். மாலேயில் பத்துக் கிலோமீற்றர் ஓட்டப்போட்டி என்றதும் பெயர் கொடுத்தேன். சுபஹுத் தொழுகைக்குப் பின் கரையோரமாக ஓடிப் பழகினேன். மட்டக்களப்பு வாவிக்கரையில் ஓடிய கால்கள்தாம். ஆனாலும் மூன்றாம் சுற்றில் நின்றுவிடும். இளைப்பினால் அல்ல, வீட்டு நினைப்பினால். விடுதிச் சாப்பாடும் தொண்டைக்குள் இறங்கவில்லை.

ஒருநாள் ஓடி முடித்துத் தேநீர்க்கடையில் குந்தினேன். ரொஷியும் மாஸ் ஹுனியும் வைத்தார்கள். புகையிட்ட மீன், தேங்காய்ப்பூ, வெங்காயம், மிளகாய், தேசிக்காய்ப் புளி. வாயில் வைத்தால் உம்மா இடித்த மாசிச் சம்பல்!

மாசியை எங்கள் ஊர்ச் சாமான் என்றே எண்ணியிருந்தேன். சூரையை அவித்து, புகையூட்டி, காயவைத்து இலங்கைக்கு அனுப்புகிறவர்கள் இந்தத் தீவார்தாம். 1343இல் இங்கு வந்து காழியாகவும் இருந்த இப்னு பதூதா, இம்மீன் இந்தியா, சீனா, யெமன் வரை போவதை எழுதியிருக்கிறார். அந்நிய மண்ணென்று நான் கலங்கிய இடத்திலிருந்துதான் உம்மாவின் ருசி எங்கள் அடுப்படிக்கு வந்திருக்கிறது.

அதன்பின் விடியலில் அதுவே சாப்பாடு. போட்டியில் கடைசி ஆட்களில் ஒருவனாக வந்தேன். ஆனால் நிற்காமல் வந்தேன்.

வீடு எழும்பிற்று. நான் இல்லாத இரண்டு வருடங்களில் மகள் என் தோளுக்கு வளர்ந்திருந்தாள். பெட்டியிலிருந்து மாசிப் பொதியை எடுத்தேன். மனைவி சிரித்தா.

"நம்மட கடையிலயும் இதுதானே இரிக்கி. இதுக்கா இவ்வளவு தூரம் போனீங்க?"