பெரியப்பா அறைக்கு வெளியே ஒரு தாழ்ப்பாள்

ஆகஸ்ட் 6 என்றால் ஹிரோஷிமா தினம். 'வரலாற்றில் இன்று' பகுதிக்கு எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் முதலில் எழுதுவது அதைத்தான். அதே தேதியில் நம் மாநிலத்துத் துயரம் ஒன்றும் உண்டு. 2001-ம் ஆண்டு அன்று அதிகாலையில், ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் இருந்த மொய்தீன் பாதுஷா மனநலக் காப்பகம் தீப்பிடித்து எரிந்தது. அங்கே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள். அதனால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள்.

உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. ஏர்வாடியில் இருந்த அதுபோன்ற காப்பகங்களை அரசு மூடியது. நாடே பேசிய செய்தி அது. ஆனால், அந்தச் செய்தி எங்கள் வீட்டுக்குள் என்ன செய்தது என்பதை நான் வளர்ந்த பிறகு அப்பத்தா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

எங்களுக்கு திண்டுக்கல் மாவட்டம், நிலக்கோட்டைப் பக்கம் ஒரு சின்ன ஊர். என் பெரியப்பாவுக்கு இருபத்திரண்டு வயதில் மனச்சிதைவு நோய் வந்தது. யாரோ திட்டுவது போலக் காதில் குரல் கேட்கும். சாப்பாட்டில் விஷம் இருக்கிறது என்பார். கோயில், பூசாரி, மந்திரித்த கயிறு என்று அலைந்துவிட்டு, கடைசியாக ஏர்வாடியில் கொண்டுபோய் விடலாம் என்று வீட்டில் பேச்சு நடந்திருக்கிறது. அந்த நேரத்தில்தான் தீ விபத்து. "நெருப்புல சாகவா என் புள்ளைய அனுப்புவேன்?" என்று அப்பத்தா மறுத்துவிட்டார்.

பெரியப்பா வீட்டிலேயே இருந்தார். பின்கட்டு அறையில். அந்த அறைக்கு உள்ளே தாழ்ப்பாள் கிடையாது, வெளியேதான் இருந்தது. பூட்டும் இருந்தது. பூட்டுக்குப் பேர் போன மாவட்டம் அல்லவா, நல்ல கனமான பூட்டு!

அப்பத்தாவைக் கொடுமைக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். மல்லிகைப் பூ எடுக்க விடியும் முன்பே தோட்டத்துக்குப் போக வேண்டும். பூ விரிந்துவிட்டால் விலை போய்விடும். பூட்டாமல் போனால், பெரியப்பா லாரி ஓடும் ரோட்டில் போய் நிற்பார். "கட்டிப் போடல தாயி, காப்பாத்தி வச்சேன்" என்பார். மதுரைக்குக் கூட்டிப்போய் வைத்தியம் பார்க்க ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் ஆகும். மாத்திரை விலை தனி. மூன்று மாதம் போய்விட்டு நிறுத்திவிட்டார்கள். பக்கத்தில் வைத்தியம் கிடைக்காத குடும்பத்துக்குப் பூட்டுதான் மருந்தாக இருந்தது.

நான் பத்தாம் வகுப்பு படிக்கும்போதுதான் அது மாறியது. மாவட்ட மனநலத் திட்டத்தில் திண்டுக்கல் அரசு மருத்துவமனையிலேயே இலவசமாக மருந்து கிடைக்கும் என்று யாரோ சொன்னார்கள். மாதம் ஒரு ஊசி, தினமும் மாத்திரை. ஆறேழு மாதத்தில் பெரியப்பா திண்ணையில் வந்து உட்கார ஆரம்பித்தார்.

ஆனால், அதன் பிறகும் அவரை யாரும் எதுவும் கேட்டதில்லை. சாப்பிட்டாரா, தூங்கினாரா என்று டாக்டர் கேட்டால் அப்பத்தா பதில் சொல்வார். ஒருநாள் டாக்டர், "நீங்க இருங்கம்மா, அவர் சொல்லட்டும்" என்றாராம். நீண்ட நேரம் கழித்துப் பெரியப்பா சொன்னது இதுதான்: "ஊசி போட்டா கை நடுங்குது. ரேடியோ திருக முடியல." மருந்தின் பக்கவிளைவு அது. அளவைக் குறைத்து, நடுக்கத்துக்குத் தனி மாத்திரை கொடுத்தார்கள். அதுவரை மாத்திரையை ஏன் துப்பினார் என்பதும் அன்றைக்குத்தான் வீட்டில் புரிந்தது.

அந்த டாக்டர் செய்தது இன்று சட்டமாகவே இருக்கிறது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, மனநோய் உள்ளவரை எந்த வடிவத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது. சொல்வதைப் புரிந்துகொண்டு பதில் சொல்ல முடிகிறது என்றால், தன் சிகிச்சை பற்றி முடிவெடுக்கும் உரிமை அவருக்கே உண்டு. நோய் தீவிரமாகும்போது தன் சார்பில் யார் பேச வேண்டும் என்பதையும் அவரே முன்கூட்டி எழுதிக் கொடுக்கலாம்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பட்டியலிடும் 21 குறைபாடுகளில் மனநோயும் ஒன்று. இந்த இரண்டு சட்டங்களுக்கும் அடிப்படை, 2007-ல் இந்தியா ஏற்றுக்கொண்ட ஐ.நா. உடன்படிக்கை. பாதிப்பு 40 சதவிகிதத்துக்குக் குறையாமல் இருந்தால் மாற்றுத்திறனாளி சான்றிதழ் பெற்று, அரசின் சலுகைகளுக்கு விண்ணப்பிக்கலாம். இது பலருக்குத் தெரிவதில்லை. கை, கால், கண் பாதிப்புக்குத்தான் அட்டை என்று நினைக்கிறார்கள்.

2024 மக்களவைத் தேர்தலில் இன்னொன்று நடந்தது. பெரியப்பா பெயர் வாக்காளர் பட்டியலில் எப்போதும் இருந்தது. அவரை யாரும் அழைத்துப் போனதில்லை, அவ்வளவுதான். "அவனுக்கு எதுக்கு ஓட்டு?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். மனநிலை சரியில்லாதவர் என்று ஒருவரை நீதிமன்றம் அறிவித்தால் மட்டும்தான் பட்டியலிலிருந்து பெயரை நீக்க முடியும். மாத்திரை சாப்பிடுவதாலோ, ஊர் சொல்வதாலோ ஓட்டுரிமை போகாது. அதை எடுத்துச் சொன்னேன். பெரியப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போய் வரிசையில் நின்றார். யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்டதற்கு, "அதைச் சொல்லக் கூடாது" என்றார்!

அவர் முழுதாகக் குணமாகிவிட்டார் என்று எழுத மாட்டேன். இப்போதும் சில ராத்திரிகளில் அந்தக் குரல்கள் வருகின்றன. அப்போது அவரே வந்து சொல்கிறார். தாழ்ப்பாளைக் கழற்றி எடுத்த இடத்தில் ஆணி ஓட்டைகள் மட்டும் இருக்கின்றன.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ இப்படி ஒருவர் இருந்தால், 14416 என்ற டெலி-மானஸ் எண்ணுக்கு அழையுங்கள். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது, கேள்வியை அவரிடமே கேட்கச் சொல்லுங்கள். பதில் வரக் கொஞ்ச நேரமாகும். நடுவில் நீங்கள் பேசிவிடாதீர்கள்.