உரமூட்டைக்குப் பக்கத்தில் நின்ற வண்டி

நெல் ரகம், மண் பரிசோதனை, மானியம் என்று வந்துகொண்டிருந்த வாசகர் கேள்விகளுக்கு நடுவே இந்த முறை ஒன்று வேறு மாதிரி வந்திருக்கிறது. "ஐப்பசி மழையில் கொட்டகையில் நிறுத்திய பைக்கைத் தை மாதம் எடுத்தால் பிரேக் பிடிக்கவில்லை. என்ன செய்யலாம்?" மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியது என்று ஒதுக்க மனம் வரவில்லை. நானும் முப்பது வருடமாக வயல் வயலாக மோட்டார் சைக்கிளில்தான் அலைகிறேன்.

டெல்டாவில் மழை பிடித்துக்கொண்டால் களிமண் பாதையில் வண்டி இறங்காது. இரண்டு மாதம் சும்மா நிற்கும். அறுவடை நேரத்தில் அவசரமாகக் கிளப்புவார்கள். பிரேக் இல்லை என்பது வாய்க்கால் பாலத்து இறக்கத்தில்தான் தெரியும். எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படித்தான் இரண்டு பால் கேன்களோடு மதகுச் சுவரில் மோதினார். முழங்கால் போய், அந்த வருட சம்பா அறுவடையைக் கட்டிலில் இருந்தபடி போனில் நடத்தினார்.

டிரம் பிரேக்கில் நடப்பது இதுதான். உள்ளே புகுந்த ஈரத்தில் டிரம்மின் உட்புறம் மெல்லிசாகத் துருப்பிடிக்கும். பிரேக் ஷூவை விரிக்கும் கேமில் கிரீஸ் காய்ந்து இறுகும். கேபிள் உறைக்குள் தண்ணீர் நின்று கம்பி திருகிக்கொள்ளும். பக்கத்தில் உரமூட்டை இருந்தால் இன்னும் மோசம். யூரியா காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக் கசியும். பொட்டாஷ் உப்பு, இரும்பைத் தின்றுவிடும்.

"டிரம் இடுக்குல நாலு சொட்டு ஆயில் விட்டா சரியாயிடும் சார்" என்பார்கள். தயவுசெய்து விடாதீர்கள். எண்ணெய் குடித்த ஷூ பிறகு பிடிக்கவே பிடிக்காது, மாற்றத்தான் வேண்டும். எண்ணெய் கேபிளுக்கு, கேமுக்குத் துளி கிரீஸ், அவ்வளவுதான். சக்கரத்தைக் கழற்றி, ஷூவில் பளபளப்பு ஏறியிருந்தால் உப்புத்தாளால் தேய்த்து எடுங்கள். தூசியை வாயால் ஊதாதீர்கள். பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடையுங்கள். மாட்டிய பிறகு பெடலில் 20 முதல் 30 மி.மீ. வரை வெற்று அசைவு இருக்கட்டும் (வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும்). சக்கரம் உரசாமல் சுற்ற வேண்டும்.

2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த 125 சிசி வரையிலான வண்டிகள் பெரும்பாலானவற்றில் பின் பெடலை மிதித்தால் முன் பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும். இவற்றில் இரண்டு பக்கமும் பார்த்தாக வேண்டும். முன் பிரேக்கைத் தொட்டாலே வண்டி கவிழும் என்று பயப்படுகிறவர்கள் நம்மில் நிறைய. ஆனால் வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன் பிரேக்குக்குத்தான்.

டிஸ்க் பிரேக்கின் சங்கதி வேறு. அதிலிருக்கும் பிரேக் ஆயில், திறந்துவைத்த யூரியா மாதிரியேதான், ஈரத்தை இழுக்கும். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அந்த அளவு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். பாரத்தோடு இறக்கத்தில் பிடித்துக்கொண்டே வந்தால் சூட்டில் உள்ளே குமிழி கட்டி, லிவர் மெத்தென்று கைப்பிடி வரை வந்துவிடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். மூடியில் எந்த வகை போட்டிருக்கிறதோ அதையே, சீல் உடைக்காத பாட்டிலிலிருந்து ஊற்றுங்கள். என்ஜின் ஆயில் கூடவே கூடாது, ரப்பர் சீல் ஊதிப்போகும். சக்கரம் இறுகியே நின்றால் காலிப்பர் பிஸ்டன் மாட்டியிருக்கும். சுத்தியலால் தட்ட வேண்டாம், மெக்கானிக் பார்க்கட்டும்.

எதைச் சரிசெய்தாலும், முதலில் என்ஜினை அணைத்துச் சமதரையில் தள்ளிக்கொண்டே முன், பின் பிரேக்கைத் தனித்தனியாகப் பிடித்துப் பாருங்கள். பிறகு களத்துமேட்டில் மெதுவாக ஓட்டி நாலைந்து முறை நிறுத்துங்கள். 45 கிலோ மூட்டையை ஏற்றுவது அதற்கு அப்புறம்.

கேட்ட வாசகர் தன் வண்டி டிரம்மா டிஸ்க்கா என்று எழுதவில்லை. டிரம் என்றால் அரை நாள் வேலை, வீட்டிலேயே முடியும். டிஸ்க்காக இருந்து லிவர் மெத்தென்று இறங்கினால், பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போங்கள். ஓட்டிக்கொண்டு போக வேண்டாம்.